முத்தச் சீரமைப்பு ஆணையம்

ஆளைப் பார்த்தால் கன்னத்தில் முத்தம்தான் வணக்கம்: மேல் வொரெலில் இரண்டு, கீழ் வொரெலில் மூன்று. மேலே வலது கன்னத்தில் தொடங்குவார்கள், கீழே இடது கன்னத்தில். மேலே இருப்பவர் கீழே போனால் மூன்று வாங்கிக்கொண்டு மூன்று கொடுப்பார். கீழே இருப்பவர் மேலே ஏறி வந்தால் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். நடுவில் இருந்த கல் பாலத்தில் எதிரெதிரே வந்துவிட்டால் தொப்பியை லேசாகத் தூக்கிவிட்டு நடையைக் கட்டுவார்கள். பால்பல் விழாத பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் இதற்காக அடித்துக்கொண்டதும் இல்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்டார்கள். வாய்க்கால் தூர்வாருவது யார் வேலை, யாருடைய வேட்டை நாய் யார் கோழியைத் தின்றது, இருபது வருஷத்துக்கு முந்தைய இரும்புக் குண்டு ஆட்டத்தில் கடைசிக் குண்டை யார் காலால் தள்ளியது என்று இரண்டு ஊருக்கும் நடுவில் பஞ்சமில்லாமல் வழக்கு இருந்தது. முத்தத்தில் மட்டும் பூரண அமைதி நிலவியது. அமைதியாக ஒரு விஷயம் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் அரசாங்கத்துக்குக் கை சும்மா இருக்குமா?

மேலே அறுபத்தொரு பேர், கீழே எண்பத்துநான்கு பேர். இத்தனை சிறிய ஊர்களுக்குத் தனித்தனி மேயர் எதற்கு என்று கேட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே ஊராட்சி ஆக்கியது மாவட்ட அலுவலகம். அதற்கு முன்னால் பதினெட்டுப் பக்கப் படிவம் ஒன்று வந்தது. அதில் ஒரு கேள்வி: ‘இணைக்கப்படும் ஊர்களுக்கிடையே பழக்கவழக்கங்களில் வேறுபாடுகள் உண்டா? இருப்பின் விவரிக்கவும்.’ கீழ் வொரெல் எழுத்தர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். ‘முத்தம். இங்கே 3, அங்கே 2’ என்று உண்மையை எழுதிவிட்டார். அரசாங்கப் படிவத்தில் உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இன்றுவரை அந்த வட்டாரத்தில் அவரைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ‘ஒரே ஊராட்சியில் இருவேறு எண்ணிக்கையில் முத்தம் வழங்கப்படுவது குடிமக்களின் சமத்துவத்துக்கு எதிரானது. எனவே முத்தச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்படுகிறது. ஊருக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்வு செய்து அனுப்பவும்.’

மேல் வொரெலில் கூட்டம் போட்ட அன்று அன்சேல்ம் புஜோலின் ஆடு ஒன்று குட்டி போட்டுக்கொண்டிருந்தது. அதனால் அவன் போகவில்லை. மேல் வொரெல் ஜனநாயகத்தில் யார் கூட்டத்துக்கு வரவில்லையோ அவரைத்தான் ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பார்கள்.

அன்சேல்முக்கு ஐம்பத்தாறு வயது. நாற்பது ஆடு, ஒரு கழுதை, சீஸ் செய்ய ஒரு கல் அறை. மனைவி பன்னிரண்டு வருஷத்துக்கு முன் போய்விட்டாள். செத்துப் போகவில்லை, துலூஸ் நகரத்துக்குப் போய்விட்டாள். மேல் வொரெல்காரர்கள் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. அவனும் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒரு நாளைக்கு அவன் பேசுவதில் முக்கால்வாசி ஆடுகளிடம்தான், அதிலும் பாதி திட்டு.

ஆனால் சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவன் வேறு ஆள். சவரம் செய்துகொண்டு, சீஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிக் கீழே இறங்குவான். கீழ் வொரெலில் மரியெல் கலமெத் நடத்தும் கஃபே இருக்கிறது. ரொட்டி, தபால், சமையல் கேஸ், செத்த வீட்டுச் செய்தி எல்லாம் அங்கேதான் கிடைக்கும். மரியெலுக்குப் புருஷன் போய் ஆறு வருஷம். அவன் நிஜமாகவே செத்துப்போனவன். அன்சேல்ம் உள்ளே நுழைந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவைச் சுற்றி வந்து மூன்று முத்தம் கொடுப்பாள். இடம், வலம், மறுபடி இடம்.

முதல் இரண்டும் ஊருக்கு எப்படியோ அப்படித்தான். மூன்றாவதற்கு முன் ஒரு மூச்சு அளவு தாமதம் இருக்கும். நாலு வருஷமாக இருக்கிறது. அது அவனுக்கு மட்டும்தானா, எல்லாருக்குமா என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை. அந்த ஒரு மூச்சை வைத்துக்கொண்டு மலையேறி வருவான், அது அடுத்த சனிக்கிழமைவரை வரும்.

ஆணையம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இரண்டு என்று முடிவாகிவிட்டால் அது போய்விடும்.

"ரெண்டு," என்றாள் மதாம் ரெமோந்த் எஸ்காந்த், அவன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு. மேல் வொரெலின் பழைய மேயர் அவள். பதவி போனாலும் குரல் போகவில்லை. "அங்க போயி உக்காந்து ரெண்டுன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத. எங்க அப்பா ரெண்டு, எங்க தாத்தா ரெண்டு. கீழ இருக்கறவனுங்க வேலை வெட்டி இல்லாம மூணு குடுக்கறானுங்க. நமக்கு ஆடு இருக்கு."

"சரி மதாம்," என்றான் அன்சேல்ம்.

"மூணுன்னு மட்டும் முடிஞ்சுது, மலைமேல உனக்குத் தண்ணி குடுக்க ஆள் இருக்காது."

"சரி மதாம்."

ஆணையர் முசியே துஷோசுவா மாவட்ட அலுவலகத்திலிருந்து காரில் வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டு பத்து. ஊரில் ஒரு ஈ காக்கை இல்லை. பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை சாப்பாட்டு நேரம் என்பதை அவருக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்த இடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை போலும். இரண்டு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்து கோப்புகளை அடுக்கினார். முப்பத்துநாலு வயது, மெலிந்த உடம்பு, எதைப் பார்த்தாலும் அளவெடுக்கிற கண்.

புது ஊராட்சிக்கு அலுவலகம் எங்கே கட்டுவது என்ற சண்டை முடியாததால் ஆணையம் மரியெலின் கஃபேயில்தான் கூடியது. இடம் அவளுடையது, எப்படியும் அங்கேதான் நிற்பாள் என்று கீழ் வொரெல் தன் பிரதிநிதியாக மரியெலையே போட்டுவிட்டது. அன்சேல்ம் கதவைத் திறந்ததும் எதிர் நாற்காலியில் அவளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், மறுபடி கழற்றினான்.

மரியெல் ஆணையரை வரவேற்க முகத்தை முன்னால் கொண்டுபோனாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து கையை நீட்டினார்.

"மன்னிக்கணும் மதாம். விசாரணை முடியறவரைக்கும் நான் நடுநிலை."

"உங்க ஊர்ல எத்தனை?" என்று மூலையிலிருந்து கேட்டார் ஃபுல்பேர் லகாஸ். கீழ் வொரெலின் பழைய மேயர். காலையில் பேப்பரோடு வந்து அந்த மூலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்.

"அத வெளியில சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

பிறகு ஆணையர் எழுந்து நின்று பேசினார்.

"நண்பர்களே! இணக்கம்னா ஒண்ணு. ஒரே ஊராட்சி, ஒரே எண். இதுல உணர்ச்சிக்கு இடமே இல்ல, அறிவியல்தான். ஒரு முத்தத்துக்கு சராசரி ஒண்ணே முக்கா விநாடி ஆகுது. கீழ் வொரெல் மேல் வொரெலை விட வருஷத்துக்கு இருநூத்திப் பதினாலு மணி நேரம் கூடுதலா முத்தம் குடுக்குது. நான் கேக்கறேன், அந்த இருநூத்திப் பதினாலு மணி நேரத்துல நீங்க வேற என்னெல்லாம் பண்ணியிருக்கலாம்?"

ஃபுல்பேர் யோசித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முத்தம் குடுத்திருக்கலாம்," என்றார்.

ஆணையர் அதைக் குறித்துக்கொண்டார். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்.

"எங்களுக்கு இது ஒரு பிரச்சினையாவே இருந்ததில்லியே முசியே," என்றாள் மரியெல். "யார் ஊர்ல நிக்கறமோ அவங்க கணக்கு. அவ்வளவுதான்."

"அங்கதான் மதாம் சட்டச் சிக்கலே. இப்போ யார் ஊரும் இல்ல. எல்லாம் ஒரே ஊர். பிரச்சினை இருந்தது உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கு. அத உங்களுக்குத் தெரியப்படுத்தறதுக்குத்தான் எங்க அலுவலகமே இருக்கு."

அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு முத்தப் பதிவேடு வந்தது. ஒரு வாரத்துக்குக் கொடுத்தது, வாங்கியது, யாருக்கு, எந்தக் கன்னம், எத்தனை மணிக்கு, கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். மதாம் ரெமோந்த் ஏழு நாளும் சுழி போட்டுத் திருப்பி அனுப்பினாள். ‘குறிப்பு’ கட்டத்தில் ‘தேவைப்படவில்லை’ என்று எழுதியிருந்தாள். ஃபுல்பேர் போன மாதம் இறந்துபோன மாமாவுக்குக் கொடுத்ததையும் சேர்த்து எழுதினார். பாதிரியார் பூசையில் கொடுக்கும் சமாதான முத்தத்தை எந்தக் கணக்கில் காட்டுவது என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு, அது மத விவகாரம் என்பதால் குடியரசு கருத்துச் சொல்ல இயலாது, ஆனாலும் எண்ணிக்கையில் சேர்க்கவும் என்று பதில் வந்தது.

அன்சேல்ம் தன் பதிவேட்டை சீஸ் அறையில் உட்கார்ந்து நிரப்பினான். சனிக்கிழமை, பதினோரு மணி ஐந்து நிமிடம், மதாம் கலமெத், மூன்று. ‘குறிப்பு’ கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினான். எழுதியதைப் பார்த்துவிட்டுக் காது சிவந்துபோய் நாலு முறை அடித்தான்.

அரசாங்கத்துக்கு எழுதியது கண்ணில் படாது, அடித்தது பட்டுவிடும். இரண்டாவது கூட்டத்தில் ஆணையர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்தார்.

"முசியே புஜோல். படிவம் நாப்பத்தொண்ணு. குறிப்புக் கட்டத்துல ஒரு வாசகம் அடிக்கப்பட்டிருக்கு. அடிக்கறதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?"

கஃபேயில் அன்று இருபது பேர். மரியெல் ஒரு கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே துடைத்த குவளை.

"மழையைப் பத்தி எழுதினேன் முசியே."

ஆணையர் வேறொரு தாளை எடுத்தார். "அந்த சனிக்கிழமை மழை இல்ல. வானிலைப் பதிவு என்கிட்ட இருக்கு."

"அதனாலதான் அடிச்சேன்."

ஆணையர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்தப் பதிலில் ஓட்டை எதுவும் இல்லாததால் ‘விளக்கம் ஏற்கப்பட்டது’ என்று முத்திரை குத்தினார். மரியெல் குவளையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த குவளையை எடுத்தாள்.

எல்லாப் பதிவேடுகளையும் கூட்டி, வகுத்து, ஐந்து மாதம் கழித்து ஆணையம் ஒரு இடைக்கால முடிவுக்கு வந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இரண்டரை. எனவே இனி இரு ஊரிலும் இரண்டரை முத்தம்.

"அரை முத்தம்னா?" என்று கேட்டாள் மதாம் ரெமோந்த். மலையிலிருந்து வேடிக்கை பார்க்க என்று ஒரு கூட்டத்தையே இறக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"வரையறை இருக்கு மதாம்," என்று ஆணையர் பக்கத்தைத் திருப்பினார். "கன்னம் கன்னத்தை நோக்கி நகரணும். நாலு சென்டிமீட்டர் தூரத்துல நின்னுடணும். உதடு குவியலாம், சத்தம் வரக்கூடாது. அப்புறம் பின்வாங்கணும்."

"இதுக்குப் பேரு அரை முத்தம் இல்ல முசியே," என்றார் ஃபுல்பேர். "எங்க ஊர்ல இதுக்குப் பேரு கல்யாணம் ஆகி முப்பது வருஷம்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆணையர் அதையும் குறித்துக்கொண்டார்.

எந்தக் கன்னத்தில் தொடங்குவது என்ற கேள்விக்கு அவர் நிரம்பப் பெருந்தன்மையான முடிவு ஒன்றை எடுத்திருந்தார். "உங்க அடையாளத்துல கை வைக்க நாங்க விரும்பல. மேல் வொரெல்காரங்க வலது கன்னத்துலயே தொடங்கட்டும், கீழ் வொரெல்காரங்க இடது கன்னத்துலயே தொடங்கட்டும். ரெண்டு பேருக்கும் மரியாதை."

அன்சேல்ம் தன் மூக்குக்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் முகங்களாக வைத்து மெதுவாக நகர்த்திப் பார்த்தான். வலது கன்னத்தைக் கொடுக்க இவன் தலையை இந்தப் பக்கம் சாய்க்கிறான். இடது கன்னத்தைக் கொடுக்க எதிரில் இருப்பவரும் அதே பக்கம்தான் சாய்க்கிறார். கையை உயர்த்தினான்.

"முசியே, இப்பிடிப் பண்ணா…"

"ஆட்சேபணைகளை எழுத்துல குடுங்க. முப்பது நாளுக்குள்ள பதில் வரும்."

சோதனை அந்த ஞாயிற்றுக்கிழமையே. பூசை முடிந்ததும் பாலத்தின் இந்தப் பக்கம் மேல் வொரெல் வரிசை, அந்தப் பக்கம் கீழ் வொரெல் வரிசை. நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆணையர் கையில் சொடுக்கி எண்ணும் கருவி. முதல் ஜோடியாக, ஊருக்கு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று, இரண்டு பழைய மேயர்களையும் நிறுத்தினார். மதாம் ரெமோந்தும் ஃபுல்பேர் லகாஸும் வாய்க்கால் தகராறில் பேச்சை நிறுத்திப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

"ம்," என்றார் ஆணையர்.

ரெமோந்த் சட்டப்படி வலது கன்னத்தைக் கொடுத்தாள். ஃபுல்பேர் சட்டப்படி இடது கன்னத்தைக் கொடுத்தார். இரண்டு சட்டங்களும் நேருக்கு நேர் வாயோடு வாய் மோதிக்கொண்டன. ரெமோந்த் உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னமும் பூண்டு திங்கறத விடலியா நீ?"

இரண்டு வரிசையிலும் இருந்தவர்கள் மனத்துக்குள் வருஷங்களைப் பின்னோக்கி எண்ணத் தொடங்கினார்கள். வாய்க்கால் தகராறு வாய்க்காலைப் பற்றியதுதானா என்ற சந்தேகம் அன்றுதான் ஊருக்கு முதல்முறை வந்தது.

இரண்டாவது ஜோடியில் மூக்குக் கண்ணாடி உடைந்தது. மூன்றாவது ஜோடி ரொட்டிக்காரரும் பாதிரியாரின் தங்கையும்; இருவரும் முகம் சிவந்து விலகினார்கள். நான்காவது ஜோடியில் இரண்டு வேட்டைக்காரர்கள் மோதியதும் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டார்கள். ஐந்தாவது ஜோடி வேண்டுமென்றே மோதியதாக ஆணையர் சந்தேகித்தார். ஆறாவது ஜோடியோடு சோதனையை நிறுத்திவிட்டார். அன்சேல்மும் மரியெலும் ஏழாவது ஜோடி. அவன் கோட்டுக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தான். தப்பித்தோம் என்று நினைத்தான், நினைத்த கையோடு ஏண்டா தப்பித்தோம் என்றும் நினைத்தான். மரியெல் கைப்பையை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டரையைக் கைவிட்டு இறுதிக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். இரண்டு பிரதிநிதிகளும் எழுந்து நின்று தங்கள் ஊரின் முடிவான நிலையை ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும், அதன்படி அரசாணை. மூன்று நாள் முன்னதாகவே ரெமோந்த் தினம் ஒருமுறை வந்து "ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆட்டைக் கறக்கும்போதெல்லாம் அன்சேல்ம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். இரண்டு என்று சொன்னால் ஊர் இருக்கும், சனிக்கிழமை போய்விடும். மூன்று என்று சொன்னால் சனிக்கிழமை இருக்கும், ஊர் போய்விடும். ஊர் அறுபது பேர். சனிக்கிழமை ஒன்றுதான். கணக்கில் பார்த்தால் ஊர்தான் பெரிது. ஆனால் இந்த அறுபது பேரில் யார் வந்து கன்னத்தை வைத்தாலும் அவனுக்கு வாரம் முழுக்க எதுவும் ஆனதில்லை.

அன்று கஃபேயில் நிற்க இடமில்லை. மேல் வொரெல் மொத்தமும் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் ரெமோந்த், மடியில் கைப்பை, கைப்பைமேல் இரண்டு கை.

"மேல் வொரெல்," என்றார் ஆணையர்.

அன்சேல்ம் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"மூணு," என்றான்.

பின்னால் ஒரு நாற்காலி விழுந்தது. "என்னது?" என்று கத்தினாள் ரெமோந்த். "டேய், உங்கப்பன் ரெண்டுடா! இவன யாரு அனுப்புனது?" அவளேதான் அனுப்பினாள் என்பதை எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் துணிச்சல் இல்லை. அன்சேல்ம் உட்கார்ந்துவிட்டான். மனசு லேசாக இருந்தது. நாலு வருஷத்தில் அவன் மரியெலுக்காகச் செய்த முதல் காரியம் இது. அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"கீழ் வொரெல்," என்றார் ஆணையர்.

மரியெல் எழுந்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

"ரெண்டு," என்றாள்.

இப்போது கீழ் வொரெல் வரிசையில் நாற்காலி விழுந்தது. அன்சேல்முக்கு அது காதில் விழவில்லை. கீழே காலம் காலமாக மூன்று. அதைக் குறைக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே எழுந்து நின்று, இத்தனை பேருக்கு முன்னால், அந்த ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு மூச்சுத் தாமதம் தன் கற்பனைதான், அவளுக்கு மூட்டுவலியாக இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஆணையரின் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. அவர் பத்து நிமிடம் கோப்பைப் புரட்டினார், பக்கத்து அறைக்குப் போய் தொலைபேசியில் பேசினார், திரும்பி வந்து மேசைமேல் கையை ஊன்றினார்.

"நண்பர்களே! வரலாறு படைச்சிட்டீங்க. மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்களுக்காக விட்டுக்குடுத்தாங்க, கீழ இருக்கறவங்க மேல இருக்கறவங்களுக்காக விட்டுக்குடுத்தாங்க. இந்த மனசை அரசாங்கம் மதிக்கணும். அதனால மேல் வொரெல் கேட்டபடியே அங்க இனி மூணு. கீழ் வொரெல் கேட்டபடியே இங்க இனி ரெண்டு. எந்தக் கன்னத்துல தொடங்கறதுங்கறது பழையபடி. யார் பகுதியில நிக்கறீங்களோ அந்தப் பகுதிக் கணக்கு செல்லும்."

ஃபுல்பேர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்போ மறுபடி ரெண்டு எண்ணுதானே முசியே?" என்றார் ஃபுல்பேர். "முன்னாடி இருந்தது தலைகீழா ஆயிருக்கு, அவ்வளவுதானே?"

"இணக்கம்னா ஒண்ணுன்னு யார் சொன்னது? பாட்டுல இணக்கம் வரணும்னா ரெண்டு சுரமாவது வேணும். ஒரு சுரம் வெறும் சத்தம். முன்னாடி உங்ககிட்ட இருந்தது வேறுபாடு. இப்போ இருக்கறது பன்மை. முன்னாடி இருந்தது தானா வந்தது. இப்போ இருக்கறது அரசாணையில வந்தது. இந்த வித்தியாசத்த உண்டாக்கறதுக்கு எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு, நாங்க எவ்வளவு சிரமப்பட்டோம்னு உங்களுக்குத் தெரியாது."

எல்லாரும் கைதட்டினார்கள். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது.

பாலத்தின் இரண்டு முனையிலும் பலகை நட்டார்கள். மேலே போகும் பக்கம் ‘3’, கீழே இறங்கும் பக்கம் ‘2’. அரசாணை ஒழுங்காக நடக்கிறதா என்று குறித்துக்கொள்ள ஊருக்கு ஒரு கௌரவக் கண்காணிப்பாளர், ஒரு நோட்டு, ஒரு பேனா. கீழே அந்தப் பொறுப்பு ஃபுல்பேருக்கு வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் ஒத்துக்கொண்டார். முசியே துஷோசுவாவுக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரே சாக்லேட் ரொட்டிக்கு இரண்டு பெயர் வழங்கும் ஏதோ ஒரு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போதும் எல்லாருக்கும் கையைத்தான் நீட்டினார்.

மேல் வொரெல் அன்சேல்மைத் தள்ளி வைக்கவில்லை. அரசாணையை மதித்தது. வழியில் யார் எதிர்ப்பட்டாலும் அவனைப் பிடித்து நிறுத்தி மூன்று கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் அறை விழுந்த மாதிரி இருந்தது. "வாங்கிக்க, நீ கேட்டதுதானே," என்பாள் ரெமோந்த். சாயங்காலம் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது அவனுக்கு இரண்டு கன்னமும் எரியும். ஆனால் ரெமோந்த் இப்போதெல்லாம் மாலையில் நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு பாலத்துப் பக்கம் நடக்கப் போகிறாள் என்றும், வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றி ஃபுல்பேரோடு மறுபடி சண்டை தொடங்கியிருக்கிறது என்றும், அந்தச் சண்டை ரொம்ப நேரம் நடக்கிறது என்றும் பேசிக்கொண்டார்கள்.

அன்சேல்ம் இரண்டு சனிக்கிழமை கீழே இறங்கவில்லை. சீஸை ரொட்டி வண்டியில் கொடுத்து அனுப்பினான். மூன்றாவது வாரம் ரொட்டிக்காரர் கூடையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"மதாம் கலமெத் வாங்க மாட்டேங்கறாங்க. செஞ்சவர் கையால வந்தாதான் வாங்குவாங்களாம்."

வேறு வழியில்லை. சவரம் செய்துகொண்டான். பாலத்தைத் தாண்டும்போது ‘2’ என்ற பலகையைப் பார்க்காமல் தாண்டினான். கஃபேயில் ஃபுல்பேர் மூலையில் இருந்தார், நோட்டு திறந்திருந்தது. மரியெல் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவைச் சுற்றி வந்தாள். இடம், வலம். அவ்வளவுதான். பின்னால் நகர்ந்துவிட்டாள். ஃபுல்பேர் ‘2’ என்று எழுதிக்கொண்டார்.

அன்சேல்ம் கூடையை மேசைமேல் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தான்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மரியெல்.

"அதான் ரெண்டு ஆச்சே மதாம்."

"ஆச்சுன்னா?"

"இல்ல… மூணு உங்க ஊர் வழக்கம். உங்க தாத்தா காலத்து வழக்கம். நான் எங்க ஊரையே பகைச்சுக்கிட்டு மூணுன்னு சொன்னேன். நீங்க போயி ரெண்டுன்னுட்டீங்க. வேண்டாம்னா வேண்டாம்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம். அரசாங்கத்துகிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அவன் வாழ்நாளில் மனிதர்களிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. மரியெல் இடுப்பில் கைவைத்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கல்லாவுக்குப் பின்னாடி நிக்கறேன். கதவத் தொறந்துக்கிட்டு எவன் வந்தாலும் மூணு. கேஸ் சிலிண்டர் போடறவனுக்கு மூணு. சளி புடிச்சு மூக்கு ஒழுகறவனுக்கு மூணு. இதோ இந்தக் கெழவனுக்குப் பூண்டு நாத்தத்தோட தெனம் மூணு. என் புருஷன் செத்தன்னிக்கு வந்த அத்தனை பேருக்கும் மூணு. எல்லாருக்கும் மூணுன்னா உங்களுக்குன்னு நான் எத எடுத்துக் குடுக்கறது? மூணாவத மெதுவாக் குடுத்துப் பார்த்தேன். நாலு வருஷம் பார்த்தேன். நீங்க கூடையத் தூக்கிட்டுப் போயிட்டே இருக்கீங்க."

அன்சேல்ம் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இப்போ இந்த ஊர்ல சட்டம் ரெண்டு," என்றாள் மரியெல். "வர்றவன் எல்லாம் ரெண்ட வாங்கிக்கிட்டுப் போகட்டும். மூணாவது சட்டத்துல இல்ல. அது என்னோடது. அத யாருக்குக் குடுக்கணும்னு நான்தான் முடிவு பண்ணணும். எட்டு மாசம் அந்த ஆள் முன்னாடி குவளையத் தொடைச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தது இதுக்குத்தான். நில்லு."

அதுவரை அவள் அவனை ‘நீங்க’ என்றுதான் சொல்லியிருந்தாள். அவன் நின்றான். தொப்பி கையிலிருந்து விழுந்ததை யாரும் எடுக்கவில்லை. அவள் கிட்டே வந்து, எந்த அவசரமும் இல்லாமல், அவன் இடது கன்னத்தில் கொடுத்தாள்.

மூலையில் ஃபுல்பேர் தொண்டையைச் செருமினார். "மரியெல், இது மூணு ஆச்சு. பொறுப்புன்னு ஒண்ணு ஒத்துக்கிட்டேன், நான் எழுதியாகணும்."

"எழுதுங்க ஃபுல்பேர்," என்றாள் மரியெல், திரும்பிப் பார்க்காமல். "பேனாவ மட்டும் மூடிடாதீங்க."